சாதா லேத்திலிருந்து சி.என்.சி.க்கு: யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்கள்

நான் டர்னர், அதாவது லேத்தில் உலோகத்தைச் சுழலவிட்டுக் கடைபவன். மீசை முளைத்த வயதிலிருந்து சாதா லேத்தில் நின்றவன். எங்கள் தொழிற்சாலையில் சாதா லேத் வரிசையை முழுசாகத் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டர் புரோகிராம்படி தானே வெட்டும் சி.என்.சி. மெஷின் போட்டார்கள், அப்புறம் அதற்கு ஜாப், அதாவது வெட்ட வேண்டிய துண்டை, ஏற்றி இறக்க ரோபோவும் வந்தது. இந்த இரண்டு மாற்றத்துக்கும் இடையில் நான் பட்ட பாட்டையும், கையை விட்டுப் போன பணத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம். போன வாரம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்து, "எங்க கம்பெனியிலயும் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, எந்தக் கோர்ஸ்ல சேரலாம்?" என்று கேட்டார். போனில் அவருக்குச் சொன்னது பாதிகூட இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு இதில் பல விஷயம் தெரிந்ததாக இருக்கும். என்னைப் போல வேலை செய்தே வேலை கற்றவர்களுக்காக எழுதுவது இது.

எங்கள் நோட்டீஸில் இருந்தது நாலு வரி. பழைய இயந்திரங்கள் படிப்படியாக அகற்றப்படும், எல்லாருக்கும் பயிற்சி தரப்படும், யாரும் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டாம் என்று நிர்வாகம் எழுதி ஒட்டிய அன்றைக்குத்தான் எல்லாரும் கவலைப்பட ஆரம்பித்தோம். அதில் இல்லாத விஷயங்கள்தான் முக்கியமானவை. பயிற்சி வேலை நேரத்திலா, ஷிப்டு முடிந்த பிறகா? ஷிப்டு முடிந்த பிறகென்றால் அதற்குச் சம்பளம் உண்டா? பயிற்சி முடித்தவனுக்கு என்ன கிரேடு, முடிக்க முடியாதவனை எங்கே போடுவார்கள்? ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? இந்தக் கேள்விகளை அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டால் நம் பெயர் கெட்டுவிடும் என்று பயம். உங்கள் இடத்தில் நோட்டீஸ் வந்தால், தனியாகப் போய்க் கேட்காமல் நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்று வாயால் சொல்லப்பட்ட எதுவும் அந்த மேனேஜர் மாறிப் போனதும் காற்றோடு போய்விடும். எங்களுக்கு அப்படித்தான் போனது.

கம்பெனி தந்த பயிற்சி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மெஷினை விற்றவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். மெஷினை இடத்தில் நிறுவி, லெவல் பார்த்து, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது அவர் வேலை. அதன் கடைசிப் பகுதிதான் எங்களுக்குப் பயிற்சி. ஒரே திரை, அதைச் சுற்றி ஒரு கூட்டம். முன்னால் நின்றவனுக்கு அவர் முதுகு தெரிந்தது, பின்னால் நின்ற எனக்கு முன்னால் நின்றவன் முதுகு தெரிந்தது. இந்தப் பட்டன் அமுக்கினால் இது, அந்தப் பட்டன் அமுக்கினால் அது என்று ஓட்டமாக ஓடினார். புரிந்ததா என்றார். எல்லாரும் தலையாட்டினோம். அவருக்கு அடுத்த ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும். அது பயிற்சியே இல்லை, ஒப்படைப்பு. மெஷின் நன்றாக ஓடுகிறது என்று நிரூபித்துவிட்டுப் போவதற்கும், அதை ஓட்ட ஒரு ஆளைத் தயார் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அப்புறம் மெஷின் உற்பத்தியில் இறங்கிவிட்டது. இறங்கிய பிறகு கற்றுக்கொள்வதற்கென்று அதை யார் தருவார்கள்? ஒரு மணிக்கு இத்தனை ஜாப் என்று கணக்கு இருக்கிறது. டூலையும் புரோகிராமையும் சரிபார்த்து மெஷினைத் தயார் செய்ய, செட்டர் என்று ஒரு தம்பியைப் புதிதாக எடுத்தார்கள், புரோகிராம் பக்கத்துக்கான பாஸ்வேர்டு அவரிடம் மட்டும். நாங்கள் கதவைத் திறந்து ஜாப்பை மாட்டி, கதவை மூடி, பச்சைப் பட்டனை அமுக்கும் ஆட்கள் ஆனோம். இத்தனை வருஷம் வெட்டும்போது விழும் உலோகச் சுருளின் நிறத்தைப் பார்த்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொன்னவன், சத்தத்தை வைத்தே அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவன், இப்போது கதவு திறக்கும் ஆள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சம்பளம் அதேதான் வந்தது, சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ராத்திரி தூக்கம் வராது. ஏனென்றால் மாட்டி எடுக்கும் வேலைக்குத்தான் அடுத்ததாக ரோபோ வரும் என்பது எங்களுக்கே தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-ல், அமெரிக்காவில் தொழிற்சாலைப் பயிற்சிக்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆயுதங்களும் கப்பல்களும் வேகமாகத் தேவை, கைதேர்ந்த தொழிலாளிகள் போருக்குப் போய்விட்டார்கள், முன்பின் தொழிற்சாலையையே பார்க்காதவர்களை உள்ளே கொண்டுவர வேண்டும். அப்போது சூப்பர்வைசர்களுக்கு அவர்கள் கற்றுத்தந்த முறையில் நாலு படி. முதலில் கற்பவனைப் பயம் தெளிய வைத்துத் தயார் செய், அப்புறம் செய்து காட்டு, மூன்றாவது அவனையே செய்யவிட்டு ஏன் அப்படிச் செய்தாய் என்று அவன் வாயாலேயே சொல்ல வை, நாலாவது தனியே விட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி வை. போர் முடிந்த பிறகு இது ஜப்பானுக்குப் போய் அங்கே கார் தொழிற்சாலைகள் வரை ஊறிவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது இதில் இரண்டாவது படி மட்டும், அதுவும் முதுகுக்குப் பின்னால் நின்று. இது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஒரு ஆறுதல். எனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கற்றுத்தந்த விதமே அரைகுறை என்று புரிந்தது.

சரி, கம்பெனி சொல்லித்தராவிட்டால் நாமே கற்றுக்கொள்வோம் என்று ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். சி.என்.சி., கம்ப்யூட்டரில் வரைந்து புரோகிராம் எடுக்கும் கேட்-கேம், தானியங்கி வரிசைகளை இயக்கும் கண்ட்ரோலரான பி.எல்.சி., ரோபோ எல்லாம் ஒரே கோர்ஸில், கடைசியில் சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம். இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டினேன். சேமிப்பில் பாதி, மீதி கடன். உள்ளே போனால் வரிசையாகக் கம்ப்யூட்டர், அதில் சிமுலேட்டர். மூலையில் ஒரு மெஷின் இருந்தது, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு. டிரைவ் போய்விட்டது, ஆள் வருகிறார் என்றார்கள். கோர்ஸ் முடியும்வரை அந்த ஆள் வரவில்லை. சிமுலேட்டரில் நன்றாகவே ஓட்டினேன், அதில் டூல் உடைந்தால் திரையில் சிவப்பாகக் காட்டும், ரீசெட் அமுக்கினால் புது டூல் வந்துவிடும். வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் நாற்றம் இல்லை, சுருள் சுற்றிக்கொள்வது இல்லை, ஜாப்பைப் பிடிக்கும் சக்கில் அது நழுவுவது இல்லை. சிமுலேட்டரைக் குறை சொல்லவில்லை, புரோகிராம் எழுதிப் பழக அது நல்லதுதான். ஆனால் அது மட்டுமே என்றால், கரையில் உட்கார்ந்து நீச்சல் படித்த மாதிரி.

சான்றிதழை எடுத்துக்கொண்டு வேறு ஒரு இடத்தில் செட்டர் வேலைக்கு நேர்காணல் போனேன். எதிரில் இருந்தவர் என் மகன் வயது. மரியாதையாகத்தான் பேசினார். சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு இன்சர்ட் (டூலின் நுனியில் மாட்டும் வெட்டுத் துண்டு) டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே சி.என்.எம்.ஜி. 120408 என்று இருந்தது. "இதுல கடைசியில இருக்கிற 08 என்ன சார்?" என்றார். வருஷக்கணக்கில் அந்த இன்சர்ட்டைக் கையால் மாட்டியிருக்கிறேன், ஸ்டோரில் பெயர் சொல்லி வாங்கியிருக்கிறேன், அந்த எண்ணைப் பற்றி யோசித்ததே இல்லை. அது முனை ஆரம், 0.8 மில்லிமீட்டர். முதல் எழுத்து 80 டிகிரி சாய்சதுர வடிவம், 12 வெட்டும் விளிம்பின் நீளம், 04 தடிமன். அடுத்து ஒரு டிராயிங்கைக் காட்டி அதில் ஒரு குறியைக் கேட்டார், அதுவும் தெரியவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் போன வருத்தம் ஒரு பக்கம், அதைவிட, எனக்குத் தெரிந்ததையே எண்ணாகக் கேட்டதும் நான் ஊமையாகிவிட்டேனே என்ற வருத்தம்.

பயிற்சி மையத்தில் சேருகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பணம் கட்டும் முன், வகுப்பு நடக்கிற நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். மெஷின் சத்தம் கேட்கிறதா? தரையில் சுருள் கிடக்கிறதா? ரிஜெக்ட் ஆன ஜாப் பெட்டியில் ஏதாவது இருக்கிறதா? அந்தப் பெட்டி காலியாக இருந்தால் அங்கே யாரும் எதையும் வெட்டுவதில்லை என்று அர்த்தம். ஒரு மெஷினுக்கு எத்தனை மாணவர்கள், நானே ஜீரோ எடுப்பேனா (அளவு தொடங்கும் இடத்தை மெஷினுக்குக் காட்டுவது), நானே டூல் மாற்றி ஆஃப்செட் போடுவேனா (டூலின் அளவுத் திருத்தம்) என்று கேளுங்கள். எந்த கண்ட்ரோலர், அதாவது மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர் எந்தக் கம்பெனியுடையது என்று கேளுங்கள், ஃபேனக்கில் பழகிவிட்டு சீமென்ஸ் முன்னால் போய் நின்றால் அடிப்படை ஒன்றுதான் என்றாலும் திரையும் சில கட்டளைகளும் வேறு, அங்கே திகைத்து நிற்பீர்கள். மைக்ரோமீட்டரும் உள்விட்டம் அளக்கும் போர் கேஜும் அலமாரியில் பூட்டியிருக்கிறதா, மேசை மேல் இருக்கிறதா என்று பாருங்கள். தவணையில் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள், முழுசாக முன்னால் கேட்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். எல்லாவற்றையும் ஒரே கோர்ஸில் தருகிறேன் என்றால் எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். டர்னருக்கு முதலில் வேண்டியது டர்னிங் சென்டர், ரோபோ அப்புறம்.

எனக்கு வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். எங்கள் செட்டர் தம்பி ஒரு பேரிங் உட்காரும் விட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 50 மில்லிமீட்டர், டாலரன்ஸ் (அளவு விலக அனுமதி) கூட்டிக் கழித்து 10 மைக்ரான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெஷினிலிருந்து எடுத்ததும் அளப்பார், பெரிசாகக் காட்டும், ஆஃப்செட்டில் கழிப்பார், அடுத்த ஜாப் சரி என்பார், தரப் பரிசோதனை அறைக்குப் போனால் சிறிசாகிவிட்டது என்று திரும்பி வரும். அன்றைக்குக் கூலன்ட் வேறு சரியாக வரவில்லை. நான் பக்கத்தில் போய், "தம்பி, ஜாப் சுடுது, ஆறவிட்டு அளந்து பாருங்க" என்றேன். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 12 மைக்ரான் விரியும். 50 மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.6 மைக்ரான், ஜாப் 20 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் 12 மைக்ரான். டாலரன்ஸை அதுவே தின்றுவிடும். அளவுகளுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று உலகத் தரமே இருக்கிறது. அப்போது எனக்கு இந்தக் கணக்குத் தெரியாது, கையில் சூடாக இருந்தால் அளக்காதே என்று என் மூத்தவர் திட்டியது மட்டும் தெரியும். கணக்கைப் போட்டுக் காட்டியவர் அந்தத் தம்பிதான், அன்று சாயங்காலம், ஒரு பழைய ஜாப் கார்டின் பின்பக்கத்தில்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். "அண்ணே, நீங்க மெட்டல் சொல்லுங்க, நான் புரோகிராம் சொல்றேன்" என்றார். ஷிப்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் நிற்பேன். நான் அவருக்கு, ஜாப்பின் அளவுக்கே குடைந்து சக்கில் மாட்டும் சாஃப்ட் ஜாவை எப்படிக் குடைவது, மெல்லிய ஜாப்பை எவ்வளவு இறுக்கினால் முக்கோணமாகும், அதிர்வு வந்தால் முதலில் எதைத் தொட வேண்டும் என்று சொன்னேன். அவர் எனக்கு எண்களைச் சொன்னார். கையில் இருப்பது எண்ணாக மாறும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைச் சொல்லி முடியாது. சாதா லேத்தில் ஃபைனல் கட்டுக்கு ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, குறைப்போம், பளபளவென்று வரும், ஏன் என்று கேட்டதில்லை. ஃபீடின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் மேடு பள்ளத்தின் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். 0.8 ஆரத்தில் ஃபீடு 0.2 என்றால் 6.25 மைக்ரான், 0.1 என்றால் 1.56. ஃபீடு பாதியானால் மேடு கால் பங்காகிறது. நேர்காணலில் அவர் 08 என்ன என்று கேட்டது இதற்காகத்தான்.

வேகமும் அப்படித்தான். லேத்தில் லீவரை மாற்றி நாமே ஒரு வேகம் வைப்போம். சி.என்.சி.யில் ஜி 96 என்ற கட்டளையைப் போட்டு நிமிஷத்துக்கு 180 மீட்டர் என்று வெட்டு வேகத்தைச் சொல்லிவிட்டால், விட்டம் மாற மாற மெஷினே சுற்று வேகத்தை மாற்றிக்கொள்ளும். வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, பை பெருக்கல் விட்டத்தால் வகுக்க வேண்டும். 50 மில்லிமீட்டரில் நிமிஷத்துக்குச் சுமார் 1146 சுற்று. இப்போது முகப்பை நடுவரை சீவுகிறோம் என்று வையுங்கள். விட்டம் 10-க்கு வரும்போது சுமார் 5730. நடுவை நெருங்க நெருங்கக் கணக்குப்படி வேகத்துக்கு எல்லையே இல்லை. சக் வேகமாகச் சுற்றும்போது ஜாக்கள் வெளிப்பக்கம் இழுபடும், பிடி குறையும். அதனால்தான் முன்னாலேயே ஜி 50 போட்டு இதற்கு மேல் போகாதே என்று ஒரு உச்சவரம்பு வைக்கிறோம். சில கண்ட்ரோலரில் அது ஜி 92, சீமென்ஸில் வேறு பெயர். பயிற்சி மையத்தில் இதை ஒரு வரியாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள், எதற்கு என்று சொல்லவில்லை. எதற்கு என்று தெரிந்தவன் அந்த வரி இல்லாத புரோகிராமைக் கண்ணால் பார்த்ததுமே நிறுத்துவான். மனப்பாடம் செய்தவன் பச்சைப் பட்டனை அமுக்குவான்.

பட்டனை அமுக்கிய கதை ஒன்றும் உண்டு. இன்னொரு ஷிப்டில் ஒருவர் விட்டத்தை எக்ஸ் 50 என்று தட்டினார், பின்னால் புள்ளி வைக்கவில்லை. பல கண்ட்ரோலர்களில், அமைப்பைப் பொறுத்து, புள்ளி இல்லாத 50 என்பது 50 மில்லிமீட்டர் இல்லை, 50 மைக்ரான். டூல் நேராக ஜாப்பின் நடுவுக்குப் பாய்ந்தது. ஹோல்டர் உடைந்து, டூல்களைத் தாங்கும் டர்ரெட்டின் அலைன்மென்ட் போய், மெஷின் பல நாள் நின்றது. அவர்மேல் விசாரணை. அந்த மெஷினில் அது அப்படி வேலை செய்யும் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. புது புரோகிராம் எதுவானாலும், இன்னொருவர் திருத்திய பழைய புரோகிராமானாலும், முதல் ஜாப்புக்கு சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக ஓட்டுவது), டூல் பாயும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரேபிட் ஓவர்ரைடு மிகக் குறைவு, ஒரு கை டூலை நிறுத்தும் ஃபீடு ஹோல்டு பட்டன் பக்கத்தில். கண் டூலைப் பார்ப்பதோடு, திரையில் இன்னும் போக வேண்டிய தூரம் என்று ஒரு எண் காட்டும், அதையும் பார்க்க வேண்டும். டூல் ஜாப்புக்கு அரை விரல் தூரத்தில் இருக்கும்போது அந்த எண் பெரிசாக இருந்தால் நிறுத்திவிடலாம். சிரிப்பார்கள், "என்ன அண்ணே புரோகிராம் கோவில் தேர் மாதிரி நகருது" என்பார்கள். சிரிக்கட்டும்.

ஆஃப்செட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாப் 50.04 வந்திருக்கிறது, 50.00 வேண்டும் என்றால் தேய்மான ஆஃப்செட்டில் மைனஸ் 0.04. கேட்க எளிது. ஆனால் உள்விட்டத்தில் பெரிசாக்க வேண்டும் என்றால் பிளஸ், அவசரத்தில் அங்கேதான் குறி மாறும். ஒரு சின்ன நோட்டில் வெளிவிட்டம், உள்விட்டம், நீளம் மூன்றுக்கும் எந்தப் பக்கம் கூட்டினால் என்ன ஆகும் என்று படம் போட்டு வைத்திருக்கிறேன். அதே நோட்டில் வந்த அலாரம் எண், காரணம், என்ன செய்து சரியானது என்று ஒரு பக்கம். என் பயிற்சியில் காசில்லாமல் கிடைத்த, அதிகம் பயன்பட்ட புத்தகம் அந்த நோட்டுதான்.

டிராயிங்கில் தனியாக உட்கார வேண்டியிருந்தது. அளவும் டாலரன்ஸும் படிப்பேன், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் குறிகள், அந்த வட்டமும் அம்பும், எங்கள் காலத்தில் ஃபோர்மேன் பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போது அந்த ஃபோர்மேன் இல்லை. மகளின் பள்ளிப் புத்தகத்தை வைத்து சைன், டேன் மட்டும் கற்றேன், டேப்பருக்கும் (சரிவு) சேம்பருக்கும் (முனைச் சாய்வு) அது போதும், முழுக் கணிதமும் வேண்டாம். அப்புறம் ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்), பொசிஷன் (இடம்), பெர்பெண்டிகுலாரிட்டி (செங்குத்து) என்று ஒவ்வொன்றாக, எங்கள் ஜாப் டிராயிங்கையே வைத்து, டயல் கேஜில் எப்படி அளப்பது என்பதோடு சேர்த்துப் படித்தேன். இதில் நேரம் போட்டது வீண்போகாது. மெஷின் மாறும், கண்ட்ரோலர் மாறும், டிராயிங்கின் மொழி மெதுவாகத்தான் மாறும். மாறுவதும் உண்டு. அமெரிக்கத் தரமான ஒய் 14.5-ல் 2018 பதிப்பில் கான்சென்ட்ரிசிட்டி (ஒரே மையம்), சிமெட்ரி (இருபக்கச் சமச்சீர்) என்ற இரண்டு குறிகளையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய டிராயிங்குகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஓரத்தில் எந்தத் தரம், எந்த வருஷம் என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள்.

இதற்குள் ரோபோ வந்துவிட்டது. பயந்தபடியே கதவு திறக்கும் வேலை போனது. ஆனால் ரோபோ நின்றுவிடும். எதற்கு நின்றது என்று அதற்குத் தெரியாது. சக்கின் அமரும் முகத்தில் ஒரு சுருள் ஒட்டியிருக்கும், சென்சார்மேல் கூலன்ட் படிந்திருக்கும், வந்த ஜாப்பில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்க ஜாப்பைத் தெரிந்த ஆள் வேண்டும், அங்கே எனக்கு இடம் கிடைத்தது. முதல் தடவை, ரோபோவுக்கு அசைவைக் கற்பிக்கும் பேனலைக் கையில் கொடுத்து வேலிக்குள் போகச் சொன்னபோது கால் நடுங்கியது உண்மை. பேனலுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும். மெதுவாகப் பிடித்தால் மட்டும் ரோபோ நகரும். விட்டுவிட்டாலும் நிற்கும், இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். இறுக்கினால் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். பயந்துபோனால் சிலர் கையை விடுவார்கள், சிலர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டுக்கும் சேர்த்துத்தான் அப்படி என்றார் பயிற்சி கொடுத்தவர். கற்பிக்கும் நிலையில் அதன் வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்பதும் தரத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு நடுக்கம் குறைந்தது. யாராவது அந்தச் சுவிட்சைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு வேலை செய்யச் சொன்னால், செய்யாதீர்கள். அது சூப்பர்வைசரே சொன்னாலும் சரி.

ரோபோவிலிருந்து பி.எல்.சி. பக்கம் போனேன், இப்போது அதில்தான் இருக்கிறேன். இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு, ரிலே (மின்சார சுவிட்ச்) பேனல்களுக்குப் பதிலாக வேறு ஏதாவது வேண்டும் என்று கேட்டது, அடுத்த வருஷம் மோடிகான் 084 என்ற பி.எல்.சி. வந்தது. அதற்கு எழுதும் லேடர் முறையை, அப்போது ரிலே வரைபடம் படித்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன்களுக்குப் பார்த்ததும் புரியும்படி, அதே வரைபடத்தின் சாயலில் வைத்தார்கள். இருக்கிற ஆட்களின் அறிவைத் தூக்கி எறியாமல், அதன்மேலேயே புதுசைக் கட்டினார்கள். ஐம்பது வருஷம் தாண்டியும் அந்த முறை ஓடுகிறது. புது மெஷின் வாங்குகிறவர்கள் இதை யோசித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எனக்கு பி.எல்.சி.யில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் எலெக்ட்ரீஷியன், அவர் சொன்ன வரிசை எளிமையானது. லைன் நின்றால் முதலில் சென்சாரில் இருக்கும் விளக்கைப் பார், எரிகிறதா? எரிந்தால் பி.எல்.சி. உள்ளீட்டு விளக்கைப் பார். சென்சார் எரிந்து உள்ளீடு எரியவில்லை என்றால் வயர். இரண்டும் எரிந்தும் நகரவில்லை என்றால்தான் லேப்டாப்பைத் திற. பாதிக்கு மேற்பட்ட நிறுத்தங்கள் லேப்டாப் வரை போகவே போகாது.

உலகப் பொருளாதார மன்றம் 2025-ல் வெளியிட்ட வேலைகள் பற்றிய அறிக்கையில், 2030-க்குள் தொழிலாளர்களின் முக்கியத் திறன்களில் 39 விழுக்காடு மாறும் என்று வேலை கொடுப்பவர்கள் எதிர்பார்ப்பதாக இருக்கிறது. இந்த மாதிரி எண்ணைக் கூட்டத்தில் திரை போட்டுக் காட்டுவார்கள். காட்டிவிட்டு மெஷினைத் தொடவிட மாட்டார்கள். எனக்கு அந்த எண்மேல் சந்தேகம் இல்லை, கோபம் மட்டும் உண்டு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மையத்தில் கட்டியது திரும்ப வரவில்லை, கேட்டுப் பார்த்தேன், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் திருப்பித் தரப்படாது என்று இருந்தது. கடனை அடைக்க ஓவர்டைம் பார்த்தேன், அதனால் கற்கும் நேரமும் போனது. கிரேடு உயர்வு உடனே வரவில்லை. செட்டிங் வேலையைச் செய்யச் சொல்லிக்கொண்டே சம்பளத்தில் ஆப்பரேட்டராகவே வைத்திருந்தார்கள். நான் செய்த செட்டிங்குகளைத் தேதி, ஜாப் எண், எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வைத்திருந்தேன், அதைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது. வாயால் "நான்தான் செட்டிங் பார்க்கிறேன்" என்று சொன்ன மற்றவர்களுக்கு இன்னும் வரவில்லை. பயிற்சிக்கு அனுப்பும்போது ஒப்பந்தப் பத்திரம் நீட்டினால், எத்தனை காலம் விலகக் கூடாது, விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், கம்பெனியே வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொழிற்சாலை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் கொஞ்சம். வாரத்தில் சில மணி நேரம் ஒரு மெஷினை உற்பத்திக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், கெட்டுப்போனால் பரவாயில்லை என்ற மெட்டீரியல் கொடுங்கள். பாஸ்வேர்டு ஒரே ஆளிடம் இருந்தால் அவர் லீவு போட்ட அன்று உங்கள் முழு வரிசையும் லீவு. வயதானவரையும் புதியவரையும் ஒரே ஷிப்டில் ஜோடியாகப் போடுங்கள், இருவருக்கும் அதற்கு ஏதாவது கூட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தெரிந்தவன் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வாயைத் திறக்க மாட்டான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, நிறுவும் நாளில் ஒரு பயிற்சி, ஓட ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து இன்னொரு பயிற்சி என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முதல் நாளில் எங்களுக்குக் கேட்கக் கேள்வியே தெரியாது. ஒரு மாதம் ஓட்டிய பிறகு கை நிறையக் கேள்வி இருக்கும், அப்போது அந்தப் பொறியாளர் ஊருக்குப் போயிருப்பார். எங்கள் அடுத்த மெஷினுக்கு இதைக் கேட்டு வாங்கச் சொல்லிப் பர்சேஸ் பிரிவில் எழுதிக் கொடுத்தேன், அந்த இரண்டாவது வருகையை அவர்களும் சேர்த்துவிட்டார்கள்.